லேண்ட்லார்டுக்கு ஒரு ஊளை

கோர்டி மாக்கி இரண்டாவது முறையாகக் கை கழுவிக்கொண்டிருக்கிறார். முதல் கழுவல் இறைச்சி வாசனை போவதற்கு, இரண்டாவது மரியாதைக்கு. துவைத்த துண்டில் விரல் விரலாகத் துடைத்து, விளக்குக்கு நேரே நீட்டிப் பார்த்துத் திருப்திப்பட்ட பிறகுதான் சமையலறை மேசைமேல் இருக்கும் காகிதப் பையைத் தொடுவார். இன்று புதன்கிழமை. அமெரிக்காவின் குளிர் ஊரான டுலூத்தில் மற்றவர்களுக்கு அது வாரத்தின் நடுவில் வந்து தொலைக்கிற ஒரு நாள். கோர்டிக்குப் புது காமிக்ஸ் வருகிற நாள்.

பகலெல்லாம் கடையில் பன்றித் தொடையும் மாட்டு விலாவும் வெட்டுகிற கைகள் அவை. சாயங்காலம் அதே கைகள் ஒரு பக்கத்தைப் புரட்டுவதைப் பார்த்தால் பிறந்த குழந்தைக்குச் சட்டை மாட்டுகிறாரோ என்று தோன்றும். ஒவ்வொரு இதழிலும் இரண்டு பிரதி வாங்குவார். ஒன்று படிப்பதற்கு, மற்றது படிக்காமல் இருப்பதற்கு. படிக்காத பிரதிதான் வீட்டில் ராஜா. முதுகுக்கு வெள்ளை அட்டை வைத்து, கண்ணாடி மாதிரியான பிளாஸ்டிக் உறைக்குள் இறக்கி, காற்றை வெளியேற்றி, மாடிப் பெட்டியில் படுக்க வைத்துவிடுவார். மூலையில் நகக்கண் அளவு மடிப்பு இருந்தாலும் இதழ் கடைக்கே திரும்பிப் போகும். மடிந்ததும் கிழிந்ததும் அவரைப் பொறுத்தவரை குப்பை.

“எங்க மடிஞ்சிருக்கு?” என்று கடைக்காரப் பெண் கேட்பாள்.

“வெளிச்சத்துல சாய்ச்சுப் பாரும்மா.”

இந்தப் பேச்சைக் கேட்டுக் கேட்டுப் புளித்துப்போனவர் அவர் மனைவி டார்லீன். பள்ளிக்கூடச் சாப்பாட்டுக் கூடத்தில் சமைக்கிறவர். “என் மூஞ்சில சுருக்கம் விழுந்து பத்து வருஷம் ஆச்சு. அத ஒரு நாளாவது வெளிச்சத்துல சாய்ச்சுப் பாத்திருக்கியா?” என்பார். கோர்டி அடுத்த பக்கத்தைப் புரட்டுவார். திருமண நாள் அவருக்கு நினைவிருந்ததில்லை; எந்த வில்லன் எந்த இதழில் முதல் தடவை செத்தான் என்பதைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். ஈஸ்டர் அன்று பிரசங்கம் முடிந்து காப்பி குடிக்கும்போது, “எங்க ஆளு ஒருத்தன் செத்துத் திரும்பி வர ஏழு வருஷம் இழுத்துட்டாங்க பாஸ்டர். உங்க கதைல இழுவையே இல்ல, அது நல்லது,” என்று பாராட்டியவர் அவர். பாஸ்டர் நல்ல மனிதர். இன்னொரு குக்கியை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்.

வியாழக்கிழமை சினிமா. புதுப் படத்தை அவர் பார்க்கும்வரை ஊரில் யாரும் அதைப் பற்றிப் பேசக்கூடாது என்பது கோர்டியின் சட்டம். இறைச்சி வாங்க வந்தவர் யாராவது, “அந்தப் படத்துல கடைசில பாருங்க—” என்று ஆரம்பித்தால் உடனே கைமா மெஷினைப் போட்டுவிடுவார். கொத்த ஒன்றும் இல்லாவிட்டாலும் அது ஓடும். தியேட்டரில் கடைசிப் பெயர் திரையை விட்டுப் போகிறவரை எழுந்திருக்க மாட்டார். “சமைச்சவன் யாருன்னு கேக்காம கை கழுவிட்டுப் போறது என்ன மரியாதை?” என்று, கூட்டிப் பெருக்க வந்து துடைப்பத்தோடு காத்திருக்கும் பெண்ணிடமே நியாயம் கேட்பார்.

வீட்டுக் கூடத்தில் தொங்குகிற சினிமா போஸ்டர்தான் அவருடைய சொத்துக்களில் தலைமகன். ஏரியிலிருந்து ராட்சத மீன் ஒன்று எழுந்து ஊரை விழுங்க வரும் பழைய படம். வாலிப வயதில், மூடப்போன ஒரு தியேட்டரில் வாங்கியது. வாங்கிய அன்று பெரிய கண்ணாடி உறைக்குள் போனது, பிறகு அதன்மேல் காற்று பட்டதில்லை. தூசி தட்டுகிற உரிமை டார்லீனுக்கு உண்டு. உறையைத் திறக்கும் உரிமை கிடையாது.

ஆனால் கோர்டியை முழுதாகப் பார்க்க வேண்டுமானால் மாதத்தின் முதல் சனிக்கிழமை மத்தியானம் முன்னாள் போர்வீரர் சங்கக் கூடத்துக்குப் போக வேண்டும். முந்தின நாள் மீன் வறுத்த வாசனை அங்கே இன்னும் சுற்றிக்கொண்டிருக்கும். நடுவில் ரிங் கட்டியிருப்பார்கள். உள்ளூர் மல்யுத்தம். முன்வரிசையில், ரிங்குக்குப் போகிற வழியை ஒட்டிய நாற்காலி அவருடையது.

அந்த வழியாகத்தான் வீட்டுக்காரன் வேஷம் போட்ட வில்லன், லேண்ட்லார்டு லூதர் வருவான். பழுப்பு கோட்டு, அணையாத சுருட்டு, இடுப்பில் தேங்காய் கனத்துக்கு ஒரு சாவிக்கொத்து. “வாடகை எங்கடா?” என்று மைக்கில் கர்ஜிப்பான். “ஹீட்டர் எங்கடா?” என்று கூடமே திருப்பிக் கத்தும். ஜனவரி மாதம் இந்த ஊரில் ஹீட்டர் ஓடாத வாடகை வீட்டில் இருந்தவர்களுக்குத்தான் அந்தக் குரல் எந்த வயிற்றிலிருந்து வருகிறது என்று தெரியும். நடுவர் திரும்பி நிற்கும்போது லூதர் சாவிக்கொத்தால் எதிராளியின் மண்டையில் போடுவான். அவன் ஜெயித்ததெல்லாம் அப்படித்தான்.

கோர்டி ஒவ்வொரு மாதமும் அவனைத் திட்டி ஒரு பதாகை எழுதி வருவார். ‘குழாய் ஒழுகுது’. ‘எலிக்கும் சேர்த்து வாடகையா?’ லூதர் வழியில் நின்று அதை எழுத்துக் கூட்டிப் படிப்பான். முகம் சிவக்கும். பிடுங்கி, “உன் ஒப்பந்தம் ரத்து!” என்று நடுவில் கிழித்துப் போடுவான். கோர்டி கையைக் குவித்து ஊளையிடுவார். இருபது வருஷமாக இது நடக்கிறது. கிழிந்த துண்டுகள் பாப்கார்னோடு பெருக்கப்பட்டுக் குப்பைக்குப் போகும்.

“எல்லாம் முன்னாடியே பேசி வச்சுக்கிட்டு அடிக்கிறாங்க. இது தெரியாதா உனக்கு?” என்று ஒரு தடவை டார்லீனின் தம்பி விருந்தில் வாயை விட்டான்.

“தெரியும்,” என்றார் கோர்டி. “கிறிஸ்துமஸ் தாத்தா தாடியப் பிடிச்சு இழுத்து, ‘பஞ்சு, பஞ்சு’ன்னு கத்தறவன எந்த வீட்ல மறுவருஷம் கூப்பிடுவாங்க?” மறுவருஷம் தம்பியை அவர்கள் கூப்பிடவில்லை.

லூதரின் நிஜப் பெயர் வெண்டல் ஸ்ட்ரவுட். பள்ளிப் பேருந்துகளைப் பழுது பார்க்கிறவர். முழங்கால் போய் ஒரு பக்கம் சாய்ந்து நடப்பார், குரலும் சன்னம். வெள்ளிக்கிழமைதோறும் கோர்டி வேலை பார்க்கும் கடைக்கு வருவார். கதவைத் தாண்டும்வரை வெண்டல். கண்ணாடிப் பெட்டிக்கு அந்தப் பக்கம் கோர்டியைப் பார்த்ததும் முதுகு நிமிர்ந்துவிடும்.

“நாலு சாப்ஸ். கொழுப்பில்லாம.”

“ஏன், உனக்கிருக்கற கொழுப்பே போதும்ங்கறியா?”

“குடித்தனக்காரப் பயலுக்கு வாயப் பாரு!”

புதிதாக ஊருக்கு வந்த ஓர் அம்மாள் இதைக் கேட்டு அதிர்ந்துபோய் மேனேஜரிடம் புகார் செய்தார். மேனேஜர் இருவரையும் கூப்பிட்டு விசாரித்தார். “இவன் என்னைக்காவது என்கிட்ட மரியாதையாப் பேசினான்னா நான் வேற கடைக்குப் போயிடுவேன்,” என்று வெண்டல் உறுமினார். விசாரணை அதோடு முடிந்தது. கோர்டி அவருக்கென்று எடுத்து வைக்கும் சாப்ஸ்தான் தட்டிலேயே தடிமனானது என்பதை இருவரும் பேசிக்கொண்டதில்லை. எதையுமே பேசிக்கொண்டதில்லை. இருபது வருஷத்தில் அவர்களுக்குள் ஒரு நிஜ வார்த்தை போனதில்லை.

போன மாதம் பிரைஸ் ஓல்ஸன் கடைக்கு வந்தான். மாமா ஓய்வெடுத்து அரிசோனா வெயிலுக்குப் போன பிறகு மல்யுத்தத்தை நடத்துகிற இளைஞன். தாடியைச் சீவிவிட்டிருந்தான்.

“கோர்டி, லூதர் ரிட்டயர் ஆகறாரு. அடுத்த சனிக்கிழமை கடைசி மேட்ச்.”

கோர்டி கத்தியைக் கீழே வைத்தார்.

“மேட்ச் முடிஞ்சதும் ஜனங்க எந்திரிச்சு நின்னு கைதட்டணும். எல்லாரும் ‘நன்றி லூதர், நன்றி லூதர்’னு சொல்லணும். இப்பல்லாம் எல்லா ஊர்லயும் அப்படித்தான். ரொம்ப நாளா வர்ற ரசிகர் நீங்கதான். நீங்க ரிங்குக்குள்ள ஏறி, அவருக்கு நினைவுக் கேடயம் குடுத்து, கட்டிப் பிடிக்கறீங்க. சரியா?”

“ரிங்குக்குள்ளயா?”

“ஆமா. ஆனா ஒண்ணு. அன்னிக்கு ஊளை வேணாம். அவங்க வீட்டம்மா, பேரப் பிள்ளைங்க எல்லாம் வர்றாங்க.”

ஏழு வயதிலிருந்து கோர்டி அந்தக் கயிற்றைத் தாண்டி உள்ளே போக ஆசைப்பட்டவர். கேட்டவுடனே தலையை ஆட்டிவிட்டார். பிரைஸ் போன பிறகுதான் யோசித்தார். வில்லனுக்குக் கைதட்டுவதா? வாழ்நாளெல்லாம் ஒரு மனிதன் வெறுப்பைச் சம்பாதிக்க உழைத்திருக்கிறான். கடைசி நாளில் அதைப் பிடுங்கிக்கொண்டு கையில் ஒரு மரக் கேடயத்தைக் கொடுப்பதா? ஒருவேளை வெண்டலுக்கே அதுதான் ஆசையோ? இத்தனை வருஷம் ஊளை கேட்ட காதுக்கு ஒரு நல்ல வார்த்தை வேண்டியிருக்காதா? அவரிடமே ஒரு வார்த்தை கேட்டால் தீர்ந்தது. அதைத்தான் கேட்க முடியாது. கேட்டால் அது வெண்டலோடு பேசியதாகிவிடும்.

வெள்ளிக்கிழமை வெண்டல் வந்தார். சாப்ஸைக் கட்டிக் கொடுத்த பிறகும் நகரவில்லை.

“நாளைக்கு வருவியா?” என்றார்.

“நீ ஒழியறதப் பாக்க வராம இருப்பனா?”

வெண்டல் வாயைத் திறந்தார். ஏதோ சொல்ல வந்த மாதிரி இருந்தது. கோர்டி பதறிப்போய்க் கைமா மெஷினைப் போட்டுவிட்டார். வெண்டல் பொட்டலத்தை அக்குளில் இடுக்கிக்கொண்டு சாய்ந்து சாய்ந்து வெளியே போனார்.

சனிக்கிழமை டார்லீன் அவருக்கு வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டுக் கொடுத்தார். இந்த மனிதர் ஒரு நாளாவது ஊர் நடுவில் கௌரவமாக நிற்கப்போகிறார் என்று அவருக்கு உண்மையிலேயே பூரிப்பு. “என்ன, இன்னிக்கு இவ்ளோ நிமிர்ந்து நடக்கற?” என்று காரில் கேட்டார். கோர்டி சீட்டில் சாயாமல் ஓட்டினார்.

மேட்ச் முடிந்தது. லூதரைத் தோற்கடித்த ஹீரோ, டைலர் தண்டர் என்கிற பொன்முடிப் பையன், தோற்றவனின் கையைத் தானே தூக்கிப் பிடித்தான். கூடம் எழுந்தது. “நன்றி லூதர்! நன்றி லூதர்!” சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். ரிங் நடுவில் வெண்டல் கைகளைத் தொங்கப் போட்டுக்கொண்டு, பழக்கமில்லாத சொந்தக்காரர் வீட்டில் எங்கே உட்காருவது என்று தெரியாதவர்போல நின்றார். சிரிக்கப் பார்த்தார். வரவில்லை. அந்த முகத்தைப் பார்க்கக் கோர்டிக்குச் சகிக்கவில்லை.

பிரைஸ் அவர் பெயரைக் கூப்பிட்டான். கோர்டி கயிறுகளுக்கு நடுவே நுழையப் போனார்; குனிய முடியவில்லை. முன்னால் தொப்பை தடுத்தது, பின்னால் முதுகு வளைய மறுத்தது. நடுவர் ஒரு பக்கமும் டைலர் மறுபக்கமும் இழுத்து, மூட்டை இறக்குவதுபோல் அவரை உள்ளே இறக்கினார்கள். இப்படித்தான் அவருடைய ஏழு வயதுக் கனவு நிறைவேறியது. ஒரு கையில் கேடயம், ஒரு கையில் மைக். கூடம் அமைதியானது.

கோர்டி வெண்டலைப் பார்த்தார். வெண்டல் அவரைப் பார்த்தார்.

கோர்டி மைக்கையும் கேடயத்தையும் கீழே வைத்தார். கையைப் பின்னால் கொண்டுபோய், சட்டைக்குள் முதுகோடு ஒட்டியிருந்த அட்டையை உருவித் தலைக்கு மேல் தூக்கினார். ‘வீட்டைக் காலி பண்ணு!’ என்று எழுதியிருந்தது.

“யோவ் கோர்டி!” என்று பிரைஸ் கீழேயிருந்து கையை ஆட்டினான். டார்லீன் கைப்பையால் முகத்தை மூடிக்கொண்டார். கோர்டி தொண்டையைத் திறந்து ஊளையிட்டார். அவ்வளவு பெரிய கூடத்தில் ஒற்றை ஊளை. குரல் நடுவில் உடைந்து, மறுபடி சேர்ந்துகொண்டது.

வெண்டலின் முதுகு மெல்ல நிமிர்ந்தது. எழுத்துக் கூட்டிப் படித்தான் லூதர். முகம் சிவந்தது. பாய்ந்து பதாகையைப் பிடுங்கினான். “நானா காலி பண்ணணும்? உன் ஒப்பந்தம் ரத்துடா!” சர்ரென்று இரண்டாகக் கிழித்துக் கோர்டியின் காலடியில் எறிந்தான். திரும்பியவன், கட்டிப் பிடிக்கக் கை விரித்து நின்ற டைலரின் மண்டையில் சாவிக்கொத்தால் ஒன்று போட்டான்.

கூரை அதிர ஊளை கிளம்பியது. நன்றி சொன்ன வாய்களெல்லாம் சாபம் விட்டன. பாப்கார்ன் பறந்தது. முன்வரிசையில் வெண்டலின் மனைவி எழுந்து நின்று, இரண்டு கையையும் வாயில் குவித்து, எல்லாரையும்விடச் சத்தமாக ஊளையிட்டார். “வாடகை எங்கடா?” என்று கர்ஜித்துக்கொண்டே லூதர் இழுத்துச் செல்லப்பட்டான். “ஹீட்டர் எங்கடா?” என்று அவன் முதுகுக்குப் பின்னால் கதவு மூடுகிறவரை கத்தினார்கள்.

காரின் கதவை டார்லீன் அறைந்து சாத்தினார். வீட்டுக்கு வந்ததும் கோர்டி கோட்டுக்குள்ளிருந்து கிழிந்த அட்டையின் இரண்டு பாதிகளையும் எடுத்துச் சமையலறை மேசைமேல் பரப்பினார். ஒரு பாதியில் ஷூ தடம் இருந்தது. டார்லீன் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். கோபம் எங்கேயோ இறங்கிப்போனது. இழுப்பறையைத் திறந்து பசை டேப்பை எடுத்து வந்தார்.

“கொண்டா, பின்பக்கமா ஒட்டித் தரேன். கிழிஞ்சதே தெரியாது.”

“தொடாத!” என்றார் கோர்டி. பிறகு குரலைத் தாழ்த்தி, “கையக் கழுவிட்டு வா,” என்றார்.

அவரும் கழுவினார், இரண்டு முறை. விரல் விரலாகத் துடைத்துக்கொண்டு கூடத்துக்குப் போய், சுவரிலிருந்து ராட்சத மீனை இறக்கினார். கண்ணாடி உறையின் வாயைப் பிரித்து, போஸ்டரை உருவி சோபாமேல் வெறுமனே போட்டார். கிழிந்த ஓரங்கள் ஒன்றையொன்று பார்த்தபடி இருக்க, இரண்டு பாதிகளையும் அந்த உறைக்குள் இறக்கி, உள்ளங்கையால் மெதுவாகத் தடவிக் காற்றை வெளியேற்றினார்.