கண்ணாடிக்காரரின் குரல்

டெலிபோன் அக்கா வேலையை விட்டுப் போன அன்று ஆஸ்பத்திரியில் யாரும் வருத்தப்படவில்லை. வருத்தப்படுவதற்கு அவள் முகம் தெரிந்திருக்க வேண்டுமே! மாடிப்படிக்குக் கீழே ஜன்னலே இல்லாத ஓர் அறை. அதில் ஒரு மேஜை, விளக்குகள் மினுக்கும் ஒரு போர்டு, காதில் மாட்டிக்கொள்ளும் கருவி. இருபத்துநாலு வருஷம் அந்த அறையில்தான் உட்கார்ந்திருந்தாள். நூற்றெண்பது எக்ஸ்டென்ஷன் நம்பரும் தலைகீழ்ப் பாடம். பெரிய டாக்டர்கள் வராந்தாவில் அவளை இடித்துக்கொண்டு போவார்கள், யாரென்று தெரியாது. அவள் வாயைத் திறந்து "வணக்கம் சார்" என்றால் போதும், திடுக்கிட்டுத் திரும்பி, "அட, நீங்கதானா அது!" என்பார்கள். மதியச் சாப்பாடுகூட ஒரு காதில் யாரோ ஒருவருடைய அழுகையோடுதான் இறங்கும்.

ஐம்பத்தோராவது வயதில் ஒரு செவ்வாய்க்கிழமை கடிதம் எழுதிக் கொடுத்துவிட்டு எழுந்து வந்துவிட்டாள். சண்டையும் இல்லை, சச்சரவும் இல்லை. போதும் என்று தோன்றியது, அவ்வளவுதான். கல்யாணம் காட்சி என்று எதுவும் இல்லாத ஒற்றைக்கட்டை. கேட்பாரும் இல்லை, தடுப்பாரும் இல்லை.

மூன்று நாள் வீட்டுக்குள் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நாலாம் நாள் மேல்மாடி டீச்சர் கதவைத் தட்டினாள்.

"சும்மாதானே இருக்கீங்க? கிளம்புங்க, நடக்கப் போலாம்."

அன்று ஆரம்பித்ததுதான். காலையில் நடைக் கும்பல், புதன்கிழமை சீட்டாட்டம், வெள்ளிக்கிழமை சினிமா, ஞாயிறு மத்தியானம் பல் டாக்டர் வீட்டு ஹாலில் இருபது இருபத்தைந்து பேர் கூடி அரட்டை. பல் டாக்டருக்குக் கைராசி எப்படியோ, வீட்டுக்கு ஆள் சேர்ப்பதில் பெரிய கைகாரி. டெலிபோன் அக்கா இரண்டு புதுச் செருப்பும், ஒரு கைப்பையும், உதட்டுக்குப் போட்டுக்கொள்ள ஏதோ ஒன்றும் வாங்கினாள். சுவரில் மாட்டிய காலண்டர் வெறும் கட்டமே இல்லாமல் நிரம்பியபோது அதன் எதிரில் நின்று தனியாகச் சிரித்தாள்.

ஆனால் கூட்டத்தில் போய் உட்கார்ந்தால் மட்டும் போதுமா? ஒருவர் வெளிநாட்டுப் பயணம் பேசுவார், ஒருத்தி மருமகளைப் பற்றிப் பேசுவாள். இவளிடம் என்ன இருக்கிறது பேச? ஒரு மாதம் மூலையில் உட்கார்ந்து பிஸ்கட்டைக் கடித்துக்கொண்டு எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். டீயை எடுத்துக் கொடுக்க மட்டும் அவளைக் கூப்பிட்டார்கள்.

ஒரு ஞாயிறு யாரோ போகிற போக்கில் கேட்டார்கள், ஆஸ்பத்திரியில் என்ன வேலை பார்த்தீர்கள் என்று. பதில் சொல்வதற்குப் பதிலாக அவள் ஒரு குரலில் பேசிக் காட்டினாள். "நான் யார்னு தெரியுமா? டாக்டர உடனே கூப்பிடும்மா!" என்று உறுமுகிற பணக்காரரின் குரல். ஹால் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. அடுத்து, விக்கி விக்கி அழுதுகொண்டே வார்டு நம்பரை மறந்துபோன ஒரு பெண். அடுத்து, "அப்பாவுக்கு இன்னும் எத்தனை நாள்மா? லீவு சொல்லணும்" என்று கேட்ட மகன். வயிறு குலுங்கச் சிரித்தார்கள். டீச்சர் கண்ணீரைத் துடைத்துக்கொண்டு, "இத்தனை நாள் எங்க ஒளிச்சு வெச்சிருந்தீங்க இதை?" என்றாள்.

அதற்குப் பிறகு அவளுக்கு மூலையில் இடமில்லை. நடு சோபாதான். இருபத்துநாலு வருஷம் அவள் காதில் விழுந்த பயமெல்லாம் அவளுக்குக் கைமுதலாயிற்று. சில சமயம் நெஞ்சோரம் லேசாக உறுத்தும். யார் பேரையும் சொல்வதில்லையே, பேர் தனக்கே தெரியாதே என்று தன்னைத் தேற்றிக்கொள்வாள்.

எல்லாவற்றிலும் பேர் வாங்கியது கண்ணாடிக்காரர். தொற்று வார்டில் மனைவியைச் சேர்த்துவிட்டு, உள்ளே விடாததால் தினமும் போன் செய்த மனிதர். பேசுமுன் இரண்டு முறை தொண்டையைச் செருமுவார்.

"க்கும்… க்கும்… அம்மா, நான்தான் மறுபடியும். டப்பாவுல அவ கண்ணாடிய வெச்சு கவுண்டர்ல குடுத்திருந்தேன். குடுத்துட்டாங்களா? கண்ணாடி இல்லேன்னா எதிர்ல நிக்கறது ஆளா தூணான்னு அவளுக்குத் தெரியாதும்மா."

"குடுத்தாச்சு சார்!"

"போட்டுக்கிட்டாளா?"

"போட்டுக்கிட்டாங்க சார்!"

"என்ன பாக்கறா?"

இங்கே அவள் ஒரு கணம் நிறுத்துவாள். "தூணைப் பாக்கறாங்க சார்!"

சிரிப்பு கூரையைப் பிய்த்துக்கொண்டு போகும்.

ஒரு ஞாயிறு ஹாலில் புதிதாக ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். "எங்க பெரியண்ணன். அண்ணி போனதுக்கப்புறம் இங்கதான் இருக்கார்" என்றாள் பல் டாக்டர். பெரியவர் வாய் திறக்காமல் தலையை மட்டும் அசைத்தார். குரலை வைத்தே ஆளை அறிகிறவளுக்கு அந்தத் தலையசைப்பில் ஒன்றும் பிடிபடவில்லை.

வழக்கம்போல் கண்ணாடிக்காரரைக் கேட்டார்கள். அவளும் செருமினாள், கேட்டாள், நிறுத்தினாள், தூண் வந்தது, சிரிப்பும் வந்தது. அது அடங்கும் நேரத்தில் பெரியவர் டீக் கோப்பையோடு எழுந்து அவள் சோபா அருகே வந்தார்.

"க்கும்… க்கும்…"

போனில் தினமும் கேட்ட அதே செருமல்.

"கடைசி வரி தப்பும்மா," என்றார், அவளுக்கு மட்டும் கேட்கிற மாதிரி. "நீங்க அப்படிச் சொல்லல. 'ஜன்னல் வழியா மரத்தைப் பாக்கறாங்க சார்'னு சொன்னீங்க. அன்னிக்கு ராத்திரி நான் நிம்மதியாத் தூங்கினேன்."

அப்படிச் சொன்னோமா? அவர் பேசியது ஒவ்வொரு எழுத்தும் நினைவிருக்கிறது. தான் சொன்னது நினைவில் இல்லை. போர்டில் நாலு விளக்கு மினுக்கியிருக்கும், லைனை விடுவிக்க வாயில் வந்ததைச் சொல்லியிருப்பாள்.

"எல்லாம் முடிஞ்சு சாமானைத் திருப்பிக் குடுத்தாங்க. டப்பாவுல நான் ஒட்டின டேப்பு பிரிக்காம அப்படியே இருந்துச்சு. கோவிச்சுக்காதீங்க, ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். வார்டுல யாரையாவது கேட்டுத்தான் சொன்னீங்களா?"

இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆனால் அவள் வாய் அவளைக் கேட்காமலே பழகிய வழியில் ஓடியது. கணீரென்று வந்தது அந்தக் குரல்:

"விசாரிச்சு சொல்றேன் சார், லைன்ல இருங்க!"

ஹால் வெடித்துச் சிரித்தது. அவர் மெதுவாகப் பேசியது யாருக்கும் கேட்கவில்லை. அண்ணனையும் சேர்த்துக்கொண்டு நாடகம் போடுகிறாள் என்று நினைத்துவிட்டார்கள். டீச்சர் கைதட்டினாள். பெரியவர் சிரிக்கிற முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். கோப்பையை மேஜைமேல் வைத்துவிட்டு, பின்னறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். பல் டாக்டர் முகம் சுருங்கியது.

டெலிபோன் அக்கா அதன்பின் மூன்று நாள் வெளியே போகவில்லை. காய்ச்சல் என்று டீச்சரிடம் சொன்னாள். சோறு இறங்கவில்லை. போய் அவர் காலில் விழுந்துவிடலாமா என்று ஒரு தடவை செருப்பைக்கூட மாட்டிவிட்டாள். பல் டாக்டர் வீட்டில் இனி ஏறவிடமாட்டார்கள் என்ற நினைப்பு வந்ததும், எதற்காக இவ்வளவு கலங்குகிறோம், அவருக்காகவா சோபாவுக்காகவா என்று அவளுக்கே விளங்கவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டாள்.

நாலாம் நாள் பல் டாக்டரே போன் செய்தாள். திட்டு விழப்போகிறது என்று கண்ணை மூடிக்கொண்டாள்.

"தப்பா எடுத்துக்காதீங்க," என்றாள் பல் டாக்டர். "அண்ணன் அன்னிக்குக் கிட்ட வந்து ஏதோ சொல்லி உங்களைச் சங்கடப்படுத்தியிருக்கார் போல. என்னன்னு கேட்டா வாயத் திறக்க மாட்டேங்கறார். அண்ணி போனதுலேர்ந்து இப்படித்தான், எங்க இருந்தாலும் ஒரே மூடு அவுட்டு. இனிமே ஆளுங்க வந்தா பின்ரூம்லயே இருக்கச் சொல்லிட்டேன். நீங்க வராம இருந்துடாதீங்க, ப்ளீஸ். நீங்க இல்லாம கூட்டமே களைகட்டாது."

அவர்மேல் தப்பில்லை, போனில் அவரிடம் பொய் சொன்னது நான்தான் என்று சொல்ல வார்த்தை தொண்டைவரை வந்தது.

"ஐயோ, இதுல என்ன இருக்கு? பாவம், பெரியவர். நான் ஒண்ணும் மனசுல வெச்சுக்கல" என்றாள்.

சொன்ன மாத்திரத்தில் நெஞ்சு லேசாயிற்று. அன்று மூன்று நாள் பசிக்கும் சேர்த்துச் சாப்பிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை ஹால் நிரம்பி வழிந்தது. பின்னறைக் கதவு சாத்தியிருந்தது. அடியில் தெரிந்த இடைவெளியில் இரண்டு பாதங்களின் முனைகள், கதவை ஒட்டி. பணக்காரர் வந்தார், மகன் வந்தான், அழுகிற பெண்ணும் வந்தாள். "கண்ணாடி! கண்ணாடி!" என்று பிடிவாதம் பிடித்தார்கள். வேறு ஒன்று சொல்கிறேன் என்று பார்த்தாள். விடவில்லை. டீச்சர் தொடையில் தட்டினாள். சரியென்று குரலைத் தாழ்த்தி, கிட்டத்தட்ட முணுமுணுப்பாக, இரண்டு முறை செருமினாள்.

"கேக்கலையே!" என்று பின்வரிசையிலிருந்து ஒருவர் கத்தினார்.

டெலிபோன் அக்கா நிமிர்ந்து உட்கார்ந்து, நன்றாக மூச்சை இழுத்து, உரக்கச் செருமினாள்.