முந்நூறு மீற்றருக்கான கோடு

போன மாதம் ஒரு வாரம் முழுக்க, கடல் கடந்து வந்து குடியேறிய எங்கள் பக்குரங்கா வீட்டுக் குசினி யன்னலில், மகளின் பால் போத்தலுக்குப் பக்கத்தில், துவக்கில் வைத்துக் குறிபார்க்கும் ஸ்கோப் ஒன்று நின்றது. துவக்கு இரும்புப் பெட்டிக்குள் பூட்டிக் கிடந்தது. ஸ்கோப் புதிது, இன்னும் அதில் பொருத்தவில்லை. காலையில் தேத்தண்ணியோடு வந்து என் கணவர் சுதன் அதற்குள்ளால் பக்கத்து வீட்டு எலுமிச்சையைப் பார்ப்பார். நடுவில் சிலுவைக் கோடு, அதன் கீழே சின்னச் சின்னக் கோடுகள். சுட்ட சன்னம் தூரம் போகப்போகக் கீழே இறங்குமாம். அதனால் இருநூறு மீற்றருக்கு ஒரு கோடு, முந்நூறுக்கு அடுத்த கோடு. "ஹெலன் சொன்னவ," என்றுதான் எல்லா விளக்கத்தையும் தொடங்குவார்.

ஹெலன் அவரோடு வேலை செய்பவள். பண்ணையில் வளர்ந்தவள். சனிக்கிழமைகளில் அவளுடைய தகப்பனின் பண்ணையில்தான் சுட்டுப் பழகுவார்கள். நான் சந்தேகப்படவில்லை. ஆனால் என்னோடு கதைக்கும்போது இல்லாத ஒரு வெளிச்சம் அந்தப் பெயரைச் சொல்லும்போது அவர் முகத்தில் வரும். ஒருநாள் கோடுகளைப் பற்றிக் கேட்டேன். "இது உமக்கு விளங்காதப்பா, விடும்," என்றார்.

யாழ்ப்பாணத்தில் நான் உயர்தர வகுப்புக்குப் பௌதிகம் படிப்பித்தவள். எறியப்பட்ட பொருள் எங்கே விழும் என்பது ஆண்டுதோறும் என் கரும்பலகையில் இருந்த கணக்கு. பந்து என்றே எழுதுவேன். அந்த ஊரில் சன்னம் என்று எழுதக் கை வராது. துவக்கு அனுமதிக்காக எங்கள் வீட்டுக்கு விசாரிக்க வந்தவர், உனக்குச் சம்மதமா என்று என்னைத் தனியாகக் கேட்டபோதும் தலையாட்டினேன். உத்தியோகத்தருக்கு வேறு பதில் சொல்லிப் பழக்கமில்லை. வந்தவர் அதை என் சந்தோஷம் என்று எடுத்துக்கொண்டார்.

காய்ச்சல் மருந்தின் துண்டுப்பிரசுரத்தைக்கூட மூன்று தரம் வாசிப்பவள் நான். ஸ்கோப்போடு வந்ததையும் வாசித்தேன். காட்சியைப் பெரிதாக்கும் வளையம் ஒன்பது மடங்கில் நின்றால் மட்டுமே அந்தக் கோடுகள் சரி என்று இருந்தது. சுதன் எப்போதும் நாலில் விடுவார். அடுத்த இரண்டு சனிக்கிழமையும் வாடிய முகத்தோடு வந்தார். "எல்லாம் மேலால போகுது. ஹெலனுக்கும் விளங்கேல்லையாம்." எனக்கு இனித்தது. நான் பிழையாக வாசித்திருக்கலாம் என்று மனதுக்குச் சாட்டுச் சொல்லி, வாயை மூடிக்கொண்டேன்.

பிறகு, வரும் சனி ஆடு சுடப் போகிறோம் என்றார். அந்தப் பண்ணைப் பக்கம் காட்டாடுகள் மலையை மேய்ந்து மொட்டையாக்குகின்றன. பிழையான கோட்டால் ஒன்று காயத்தோடு ஓடினால் அது என் மௌனத்தின் காயம். நானும் வாறேன் என்றேன்.

பண்ணையில், முதலில் குறிக்கு நட்ட இரும்புத் தகட்டில் சுட்டுப் பார்த்தார்கள். நான் வெளிறியிருந்ததைப் பார்த்த ஹெலன், சத்தத்துக்குப் பயம் என்று நினைத்துத் தன் காதுமூடியைத் தந்தாள். மகள் பின்னால் காருக்குள், தன் குட்டிக் காதுமூடியோடு. முதல் வெடி தகட்டுக்கு மேலால் போனது.

"வளையத்தை ஒன்பதுக்குத் திருப்புங்கோ," என்றேன்.

"ஏனப்பா? நாலில விட்டாத்தான் சுத்திவரத் தெரியும்."

"நாலில அந்தக் கோட்டைப் பிடிச்சா குழல் கூடுதலா உயரும். கோடு ஒன்பதுக்குத்தான் போட்டிருக்கு."

"ஆர் சொன்னது?"

"ஹெலன் சொல்லேல்லை."

திருப்பினார். சுட்டார். முந்நூறு மீற்றருக்கு அப்பால் தகடு 'டிங்' என்றது.

"எப்ப இருந்து தெரியும் உமக்கு?"

"ரெண்டு கிழமையா."

அவர் என்னையே பார்த்தார். எத்தனையோ நாளைக்குப் பிறகு. அதில் பாதி கோபம்தான்; பரவாயில்லை என்றிருந்தது.

சுதன் ஆங்கிலத்தில் விளக்கியதும், ஹெலன் கையால் தன் நெற்றியில் அடித்துச் சிரித்தாள். அவளுடைய பழைய ஸ்கோப்பில் வளையமே இல்லை. அது ஒரே அளவுதான், அதனால் அவளுக்குத் தேவைப்பட்டதில்லை. சன்னங்களை எடுத்துவிட்டு, என்னைப் புல்லில் படுக்க வைத்து, இரண்டு கண்ணையும் திறந்து வைத்துப் பார் என்றாள்.

பார்த்தேன். வலது கண்ணுக்குத் தகடு கைக்கெட்டும் தூரத்தில், வெடி பட்ட தடத்தோடு. இடது கண்ணுக்கு அதே தகடு மலையடிவாரத்தில் ஒரு அரிசிமணி. பின்னால் காரிலிருந்து மகள், "மம்மி, கேன் வி கோ ஹோம்?" என்று கத்தினாள். ஓம், போவம் என்றேன், எழும்பாமல். இரண்டு தூரமும் ஒன்றின் மேல் ஒன்று நடுங்கிக்கொண்டிருந்தன.