கேட்டைக்கு யாரையும் தெரியாது

கடலூரிலிருந்து சிதம்பரத்துக்கு நான் போனது கோயிலுக்காக இல்லை. அறுபதுகளின் கடைசியில், ஒரு தை மாதச் சனிக்கிழமை, நட்சத்திரங்களைப் பற்றித் தமிழில் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். கல்லூரியில் பௌதிகத்தை ஆங்கிலத்திலேயே நடத்திப் பழகியவள் நான்.

காலை ஒன்பது மணி பஸ். நாற்பத்தைந்து கிலோமீட்டருக்கு அன்று ஒன்றே முக்கால் ரூபாய். போகிறவர்கள் இடது பக்கம் உட்காருங்கள், ஆலப்பாக்கம் வரை கடல்காற்று வரும். பின்சீட்டுக்காரர் என் கையிலிருந்த நோட்டீஸைப் படித்துவிட்டார். சிதம்பரத்தில் மகளுக்கு மாப்பிள்ளை பார்த்திருக்கிறாராம். பெண் கேட்டை நட்சத்திரம், மாப்பிள்ளையின் அண்ணனுக்கு ஆகாது என்று அந்த வீட்டில் தயங்குகிறார்களாம்.

“நட்சத்திரத்துக்குள்ள என்னா இருக்குன்னு சொல்லப் போறீங்களா டீச்சர்? அப்ப நானும் வரேன்” என்றார்.

கூட்டத்தில் இப்படிச் சொன்னேன். சில நட்சத்திரங்கள் துடிக்கும். அலைகள் அவற்றைச் சுற்றி ஓடும். தேரோடும் நான்கு வீதிகளையும் இரண்டு பேர் ஒரே வேகத்தில் சைக்கிளில் சுற்றுகிறார்கள், ஒருவர் வலமாக, ஒருவர் இடமாக. வீதியே சுழன்றால், வெளியே நிற்பவருக்கு ஒருவர் சீக்கிரம் வருவார், மற்றவர் தாமதமாக வருவார். அந்த வித்தியாசத்தை வைத்து, கண்ணுக்கே தெரியாத உள்பகுதி எப்படிச் சுழல்கிறது என்று கணக்குப் போடலாம்.

“இடமா யாரு டீச்சர் சுத்துவாங்க?” என்றார் முன்வரிசையில் ஒருவர். சபை சிரித்தது.

“மனுஷங்க சுத்த மாட்டாங்க. அலைக்கு அந்த ஆசாரமெல்லாம் தெரியாதே” என்றேன். அதற்குப் பிறகுதான் எனக்குத் தமிழ் தடங்கலில்லாமல் வந்தது.

முடிவில், பஸ்ஸில் பேசிய பின்சீட்டுக்காரர் எழுந்தார். “கேட்டைக்கு எம் பொண்ணத் தெரியுமா டீச்சர்?”

“கேட்டைக்கு யாரையும் தெரியாதுங்க. அது பாட்டுக்கு சுத்துது.”

“இதையே அந்த வீட்டுல வந்து சொல்றீங்களா?”

போனேன். மாப்பிள்ளையின் அம்மாவிடம் அலை, சைக்கிள், வீதி எல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, “உங்க நட்சத்திரம் என்னா?” என்றார்.

“கேட்டைதாங்க.”

“வீட்டுக்காரரோட அண்ணன்?”

“போன வாரம்கூட எங்க வீட்டுல ரெண்டாவது தடவ சோறு கேட்டு வாங்கிச் சாப்ட்டாரு.”

அந்த அம்மா உள்ளே திரும்பி, எல்லாருக்கும் காபி போடச் சொன்னார். பெண்ணின் அப்பா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார். எனக்கும் சந்தோஷம்தான், கணக்கு தோற்றுப்போனாலும்.

திரும்பும்போது ஐந்து மணிக்கு முன்பே பஸ் ஏறிவிடுங்கள், பிறகு நின்றுகொண்டுதான் வர வேண்டும். பேசப் போகிறவர்களுக்கு இன்னொன்று. நோட்டீஸில் ‘விண்மீன்’ என்று போட்டால் ஜாதகம் கேட்கிறவர்கள் யாரும் வர மாட்டார்கள் என்று நண்பர்கள் சொன்னார்கள். அதனால்தான் நான் இன்றுவரை ‘நட்சத்திரம்’ என்றே போடுகிறேன்.