ரோகிணியில் இடமில்லை

என் மகள் வாணியின் கதையைச் சொல்ல வேண்டுமென்றால் என்னிலிருந்துதான் தொடங்க வேண்டும். ஓட்டல் தாமோதரன் என்றால் ஆண்டர்சன்பேட்டையில் பஸ் கண்டக்டருக்கும் தெரியும். படிப்பு மூன்றாம் வகுப்பு. கோலார் தங்கச் சுரங்கத்தில் ஷாஃப்டு இறங்கியவன். சுரங்கத்தை மூடியபோது மற்றவர்கள் கம்பெனி வாசலில் தர்ணா உட்கார்ந்தார்கள். நான் இட்லிப் பானையை அடுப்பில் ஏற்றினேன். இன்று இரண்டு ஓட்டல், அது போகக் கல்யாணச் சமையல். எல்லாம் இந்தக் கையால் வந்தது.

வாணி சுரங்க ஆஸ்பத்திரியில் பிறந்தவள். என் மனைவி தாயம்மாவுக்கு வலி எடுத்தபோது நான் பூமிக்கு அடியில் இருந்தேன். ஆளை ஏற்றி இறக்கும் கேஜ் மேலே வந்து நின்றதும்தான் பெண் பிறந்த செய்தியைச் சொன்னார்கள். அந்த நாளில் ஒருத்திக்கு வயிற்றைக் கிழித்துப் பிள்ளை எடுத்தார்கள் என்றால் எங்கள் தொழிலாளர் லைன் வீடுகள் முழுக்க அதுதான் பேச்சு.

வாணி எதிர்த்துப் பேசத் தெரியாத பிள்ளை. காமர்ஸ் படி என்றேன், "சரிப்பா" என்றாள். மனோகரைக் காட்டி இவர்தான் மாப்பிள்ளை என்றேன், அதற்கும் "சரிப்பா". வாணிக்குப் பெங்களூரில் ஒரு கம்பெனியில் கணக்கு வேலை. தினமும் எங்கள் ஊர்க் கோரமண்டல் ஸ்டேஷனில் ரயிலேறி, பாதி நாள் நின்றுகொண்டே போய்வருவாள். ஒரு நாளும் அலுத்துக்கொண்டதில்லை.

அவள் உண்டானதும் நான் பங்காருபேட்டை ஜோசியரைப் பார்த்தேன். எல்லாவற்றையும் சுயமாகச் சம்பாதித்தவன், பேரப்பிள்ளைக்கு நட்சத்திரத்தையும் சம்பாதித்துக் கொடுக்க வேண்டாமா? ரோகிணி, வியாழக்கிழமை காலை எட்டு மணிக்குள் என்று குறித்துக் கொடுத்தார். டாக்டர் சொன்ன தேதிக்கு மூன்று வாரம் முந்தி. ஆபரேஷன் செய்தால்தான் அந்த நேரம் கிடைக்கும். வசதியுள்ளவர்கள் செய்வதுதானே என்று பெங்களூரில் ஒரு நர்சிங் ஹோமுக்குப் போனேன்.

கவுன்டரில் இருந்த பெண் கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினாள்.

"அவத்து ஃபுல் ஆகிதெ சார். அன்னிக்கி எடமே இல்ல. ரோகிணின்னு எல்லாரும் அந்த டைம்தான் கேக்கறாங்க."

"ஃபுல்லா? இன்னாம்மா இது, சினிமா டிக்கெட்டா?"

"எட்டுக்கு முன்னாடி ஒண்ணு செருகலாம். போடட்டா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. சுரங்கத்தில் வேட்டு வெடிக்க நேரம் குறிப்பார்கள், அது தெரியும். பிள்ளை பிறக்க வரிசையா? யாருக்கு என்ன நோவு என்று அவள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. இருந்தாலும் இடத்தைப் பிடித்துவிட்டேன். இந்தத் தாமோதரன் போய் வெறுங்கையோடு திரும்பியதாகச் சரித்திரம் இல்லை. வாணியிடம் சொன்னேன். "சரிப்பா."

காலை ரயிலில் போகும் பெண்களிடம் ஒரு வழக்கம் உண்டு. கூட வருகிறவள் மாசமாக இருந்தால் ஓடுகிற ரயிலிலேயே வளைகாப்பு நடத்துவார்கள். வாணிக்கும் நடத்தினார்கள். புளியோதரை என் செலவு. பங்காருபேட்டையில் இறங்கிவிடுவதாகச் சொல்லி, பெண்கள் பெட்டியில் அண்டாவோடு ஓரமாக நின்றேன்.

கைப்பிடிக் கம்பி முழுக்கப் பூச்சரம். பள்ளிக்கூட ஆபீசில் வேலை செய்யும் ஷைலாதான் அங்கே பெரியவள். வளையல் போட்டுக்கொண்டே கேட்டாள்.

"எப்போடி தேதி?"

"வர்ற வியாழக்கெழமக்கா. ஆபரேஷன்."

"இன்னாத்துக்கு? புள்ள திரும்பிகினு கீதா? பிரஷரா?"

"அதெல்லாம் நல்லாத்தான் கீதுக்கா. நட்சத்திரம்."

வாணி வயசுக்காரி லூயிசா எழுந்து நின்றாள். "தானா பெத்தவங்கல்லாம் கை தூக்குங்கடி, பாக்கலாம்!"

நரைத்த தலைகள் தூக்கின. கோலாரிலும் நம்மூரிலும் சர்க்கார் ஆஸ்பத்திரிக்குப் போன சிலர் தூக்கினார்கள். பெங்களூரில் பிரைவேட்டில் பெற்ற இளசுகளில் ஒருத்தி கையும் மடியை விட்டு எழவில்லை. இத்தனை பேர் வயிற்றிலுமா கத்தி?

"என் நாத்தனார் கரீம்நகர்ல கீறா," என்றாள் ஒருத்தி. "அங்க எல்லாருக்கும் கத்திதான். தானா பெத்தா, இன்னா டாக்டர் லீவான்னு கேக்கறாங்களாம்."

எல்லோரும் சிரித்தார்கள். லூயிசா சிரிக்கவில்லை. "ஆபரேஷனுக்கப்பறம் எனக்கு ஒரு வருஷம் அடிவயிறு இழுத்துகினே இருந்திச்சி. இந்த ரயில்ல நின்னுகினு வந்தது எனக்குத்தான் தெரியும்."

"எனக்கும் கத்திதான்," என்றாள் ஷைலா. "பிரஷர் ஏறி ஃபிட்ஸ் வந்துடுச்சி. கத்தி இல்லன்னா நான் இன்னிக்கி இல்ல. அது வேற." பிறகு என் பக்கம் திரும்பினாள். "இன்னா தாமோதரண்ணே, உங்க ஓட்டல்ல வேகாத இட்லிய எறக்குவீங்களா?"

செவிட்டில் அறைந்த மாதிரி இருந்தது. வேகாத இட்லியை இறக்கிய மாஸ்டரை அன்றைக்கே கணக்கு முடித்து அனுப்பியவன் நான். வாணியைப் பார்த்தேன். ரயில் ஸ்டேஷனில் நின்றிருந்தது. ஆட்டமே இல்லை. ஆனாலும் அவள் கையில் வளையல்கள் கிலுகிலுவென்று ஆடிக்கொண்டிருந்தன.

"பயமா கீதாம்மா?"

"கீதுப்பா," என்றாள்.

நின்றிருந்தது பங்காருபேட்டை. நான் இறங்க மறந்து, மாலூரில் காலி அண்டாவோடு இறங்கினேன்.

அன்றைக்கே முடிவெடுத்தேன். முடிவெடுப்பதில் நான் எப்போதும் வேகம். நம்மூர் சர்க்கார் ஆஸ்பத்திரி டாக்டரம்மா வாணியைச் சோதித்துவிட்டு, "தலை கீழே இருக்கு, எல்லாம் சரியா இருக்கு. காத்திருப்போம். தேவைப்பட்டா நானே ஆபரேஷன் பண்றேன்," என்றார். நர்சிங் ஹோமுக்கு போன் போட்டு வேண்டாம் என்றேன். அந்தக் கவுன்டர் பெண் ஏன் என்றுகூடக் கேட்கவில்லை. "பரவால்ல சார், வெயிட்டிங்ல ஆள் இருக்காங்க."

ரோகிணி போனது. வலி அதன் நாளில் வந்தது. வாசலில் நின்றவனுக்கு உள்ளே அவள் கத்திய கத்தல் கேட்டது. ஷாஃப்டில் பாறை வெடித்தபோதுகூட நான் அப்படிப் பயந்ததில்லை. நடுவில் பக்கத்துக் கட்டிலில் இருந்த பெண்ணை ஆபரேஷனுக்குத் தள்ளிக்கொண்டு ஓடினார்கள். குழந்தைக்குத் துடிப்பு இறங்கிவிட்டதாம். அந்தத் தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். அந்தக் கத்தியைக் கையெடுத்துக் கும்பிடலாம்.

வாணிக்குத் தானாகவே பெண் குழந்தை பிறந்தது. நட்சத்திரம் கேட்டை, ஆகாது என்பார்கள். தாயம்மா முகம் வாடியது. நான் சும்மா இருப்பேனா?

"பொறந்த நேரத்தச் சொல்லும்மா. ஜோசியர்கிட்ட பரிகாரம் கேட்டுகினு வந்துடறேன்."

"வேணாம்பா."

நர்சிங் ஹோமில் அதிர்ந்தேன், ரயிலில் அதிர்ந்தேன். இதற்கு அதிர்ந்த மாதிரி எதற்கும் இல்லை. இத்தனை வருஷத்தில் வாணி வாயில் அந்த வார்த்தையை நான் கேட்டதே கிடையாது.

"இன்னாம்மா சொன்ன?"

"வேணாம்னு சொன்னேன்பா. போய் இட்லி எடுத்துகினு வா, பசிக்குது."

"சரிம்மா," என்று கிளம்பினேன்.