என் ஊர்ப் பாலத்திலிருந்தே ஆரம்பியுங்கள்

என் பெயர் டெல்மர் ஸ்ட்ரோதார்ட். மேற்கு வர்ஜீனியா மலைக்குள் இரும்புச் சாமான் கடை வைத்திருந்தேன். ஆணி விற்றது பிழைப்புக்கு. நாட்டைத் திருத்தியது ஓய்வு நேரத்தில். ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்திலிருந்து வந்ததும் சட்டையைக்கூட மாற்றாமல் ஜனாதிபதிக்குக் கடிதம் எழுத உட்கார்ந்துவிடுவேன். பதினாறு வருடம், மூன்று ஜனாதிபதிகள். பதிலுக்கு வந்தவை எல்லாம் அச்சடித்த நன்றிக் கடிதங்கள். அவற்றையும் கண்ணாடி போட்டுக் கடையில் மாட்டியிருந்தேன் என்றால் என் யோக்கியதை புரியும்.

என் குறை ஒன்றுதான். எங்கள் நாட்டுப் பாராளுமன்றமான காங்கிரஸின் உறுப்பினர்கள் செலவு மசோதாவில் ஆளுக்கொன்றாகத் தங்கள் ஊர் வேலையைத் திணித்துவிடுவார்கள். ஜனாதிபதி மொத்தமாகக் கையெழுத்துப் போட வேண்டும், இல்லையென்றால் மொத்தமாகத் திருப்பியனுப்ப வேண்டும். வேண்டாத செலவு எழுதிய வரியை மட்டும் பேனாவால் அடிக்கும் அதிகாரத்தை அவருக்குக் கொடுங்கள் என்று எழுதி எழுதிக் கை தேய்ந்தது. கடைசியில் ஒரு வருடம் அதைக் கொடுத்தே விட்டார்கள். என்னால்தான் என்று நான் நம்பினேன். ஊரில் வேறு யாரும் நம்பவில்லை.

அந்தச் சந்தோஷத்தில் எழுதிய கடிதத்தில்தான் கொஞ்சம் ஓவராகப் போய்விட்டேன். "அடுத்த ஊர்ச் செலவை மட்டும் குறை சொல்கிறவன் அல்ல நான். வேண்டுமானால் என் ஊர்ப் பாலத்திலிருந்தே ஆரம்பியுங்கள்" என்று முடித்தேன். முடித்துவிட்டு இரண்டு முறை வாசித்தேன். என் பெருந்தன்மையை நினைத்து எனக்கே கண் கலங்கியது.

எங்கள் ஓடையின் தாழ்வான பாலம் நல்ல மழைக்கு முழுகிவிடும். முழுகினால், இருபது நிமிடத்தில் போகும் ஆஸ்பத்திரிக்கு மலையைச் சுற்றி எழுபது நிமிடம். ஊர் ஆம்புலன்ஸைச் சம்பளமில்லாமல் ஓட்டுகிறவள் என் மனைவி ஆர்லீட்டா. முந்தின வருடம் ஊர்க்காரர் ஹார்லன் பிக்கெட் அந்தச் சுற்றுவழியில்தான் இறந்தார். அதற்குப் பிறகுதான் எங்கள் உறுப்பினர் உயரமான புதுப் பாலத்தை மசோதாவில் சேர்த்தார். இதெல்லாம் எனக்குத் தெரியும். ஆனால் என் கடிதத்தை எவனும் படிக்கப்போவதில்லை என்பதும் தெரியும் என்று நினைத்திருந்தேன்.

மூன்று வாரம் கழித்து ஜனாதிபதி தொலைக்காட்சியில் தோன்றி, அடித்த வரிகளை வாசித்தார். எங்கள் பாலம் வந்ததும் ஒரு தாளை எடுத்து, "அந்த ஊர்க்காரரே எழுதியிருக்கிறார்" என்று என் பெயரையும் சொன்னார். ஆர்லீட்டா உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தாள். நல்லவேளை, கத்தியைக் கீழே வைத்தாள்.

"நாடே எழுதுது, உன்னோடதைத்தான் படிக்கணுமா அந்த மனுஷன்?"

"ஒரு பேச்சுக்கு எழுதினேன், ஆர்லீட்டா."

"ஒரு பேச்சுக்கு மழை நிக்குமா?"

ஒரு வழி இருந்தது. அடித்த வரியைத் திரும்பச் சேர்க்கக் காங்கிரஸ் தனிச் சட்டம் போடலாம். ஜனாதிபதி அதையும் மறுப்பார். அப்போது அந்த மறுப்பைத் தள்ள இரண்டு சபையிலும் மூன்றில் இரண்டு பங்கு ஓட்டு வேண்டும். அதற்காக ஊரே மனுவில் கையெழுத்துப் போட்டது. உறுப்பினரின் உதவியாளர் ஒன்றுதான் சொன்னாராம்: "அந்த டெல்மர் கையெழுத்து இல்லாம இதைத் தூக்கிட்டுப் போனா எல்லாரும் சிரிப்பாங்க."

நான் போடவில்லை. கொள்கை என்று சொன்னேன். உண்மையில் வீம்பு.

ஏப்ரலில் தீயணைப்பு நிலையத்தில் வருடா வருடம் ஊர் கூடிச் சாப்பிடும் காட்டு வெங்காய விருந்து. வாசலிலேயே மனு கிடந்தது. பார்க்காதவன்போல் தாண்டிப் போய்த் தட்டை நீட்டினேன். தபால் நிலையத்து வெர்னா அவரைக்கொட்டையும் சோள ரொட்டியும் வெங்காயமும் வைத்தாள்.

"பன்றி இறைச்சி எங்க, வெர்னா?"

"அந்த ஒரு வரியை மட்டும் அடிச்சுட்டேன். நீங்கதானே சிக்கனம் கேட்டீங்க?"

சிரிப்பில் நிலையமே குலுங்கியது. ரொட்டியை மென்றுகொண்டே எல்லாரையும் அற்பர்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

நான்காம் நாள் மழை கொட்டிக்கொண்டிருக்கையில் கடையில் சுருண்டு விழுந்தேன். சிறுநீரகத்தில் கல். பாலத்துக்கு மேல் இடுப்பளவு தண்ணீர். ஆம்புலன்ஸ் மலைவழியில் ஏறியது. முன்னால் ஆர்லீட்டா, என் பக்கத்தில் ஆம்புலன்ஸ் உதவிக்கு வரும் முடிதிருத்தும் ஃப்ளாய்ட். ஒவ்வொரு வளைவிலும் கல் ஒரு சுற்றுச் சுற்றியது. நான் போட்ட கூச்சலில் கொள்கை எதுவும் இல்லை.

"எவ்வளவு நேரம் ஆகும்?" என்றேன்.

"இன்னும் நாப்பது நிமிஷம். நாட்டைக் காப்பாத்திக்கிட்டே வா" என்றாள் ஆர்லீட்டா.

 அடுத்த வளைவில் கூச்சலை விட்டுப் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தேன். பிறகு அவள் குரல் வேறு மாதிரி வந்தது.

"டெல்மர், ஏதாவது பேசு. இந்த வளைவுலதான் ஹார்லன் பேச்சை நிறுத்தினாரு. பேசிக்கிட்டே இரு."

ஓட்டுகிறவள் தலைக்கு மேலிருந்த கண்ணாடியில் பார்த்தேன். ஒரு கையால் ஓட்டிக்கொண்டே இன்னொரு கையால் கண்ணைத் துடைத்தாள். ஒரு வருடமாக இந்த வளைவை இவள் தனியாகச் சுமந்திருக்கிறாள். நான் பக்கத்து அறையில் உட்கார்ந்து நாட்டைத் திருத்திக்கொண்டிருந்தேன். வெட்கமாக இருந்தது. வலியைவிட அதுதான் தாங்கவில்லை.

"ஃப்ளாய்ட், அந்த மனுவை நாளைக்கு எனக்கு..."

"நாளைக்கு எதுக்கு?" ஃப்ளாய்ட் கோட்டுப் பையிலிருந்து எடுத்தே விட்டான். "நாலு நாளா வச்சுக்கிட்டுத்தான் சுத்துறேன்."

ஊசி குத்திய கையால் கிறுக்கப் போனேன்.

"தெளிவா எழுது" என்றாள் ஆர்லீட்டா, திரும்பாமலே. "நீ எழுதுறதைத்தான் அவர் படிக்கிறாரே."

ஜனாதிபதி மறுத்தார். காங்கிரஸ் மூன்றில் இரண்டு பங்கு ஓட்டோடு அவர் மறுப்பைத் தள்ளியது. இப்போது புதுப் பாலத்தில் எந்த மழையிலும் இருபது நிமிடம்தான். ஜனாதிபதி வரியடிக்கும் அந்த அதிகாரத்தையும் அடுத்த வருடமே நீதிமன்றம் பிடுங்கிவிட்டது.

எங்கள் வீட்டில் மட்டும் அது இன்னும் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைக் கடிதத்தைத் தபால்தலை ஒட்டுமுன் ஆர்லீட்டாவிடம் கொடுக்க வேண்டும். பென்சிலோடு வாசித்து, பிடிக்காத வரிகளை அடிப்பாள். போன வாரம் "மதிப்பிற்குரிய ஜனாதிபதி அவர்களுக்கு" மட்டும் மிஞ்சியது. அவள் அடித்ததைத் தள்ளுபடி செய்ய மூன்றில் இரண்டு பங்கு வேண்டும். வீட்டில் இருப்பது இரண்டே ஓட்டு, அதில் ஒன்று அவளுடையது.