வலிமை ஏழு, குணம் பயம்

அந்த வீட்டில் யாருக்கு என்ன குணம் என்பது ஆஸ்பத்திரியிலேயே முடிவாகிவிட்டது. மூத்தவள் பிறந்தபோது போட்ட கூச்சலில் பக்கத்து அறைக்காரர்கள் எட்டிப் பார்த்தார்களாம். ஆகவே அவள் தைரியசாலி. இளையவள் சத்தமே போடாமல் சுற்றி நின்றவர்களை ஒருமுறை பார்த்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாளாம். ஆகவே அவள் பயந்தாங்கொள்ளி. வீட்டுக்கு வருகிறவர்களுக்கெல்லாம் அம்மா இதைச் சொல்லிச் சொல்லி, கதை சட்டமாகிவிட்டது. பல்லியைக் கண்டு மூத்தவள் நாற்காலிமேல் ஏறினால் அது சுறுசுறுப்பு. இளையவள் ஏறினால், "பார்த்தியா, பிறவிக் குணம் எங்க போகும்?"

மூத்தவள் வளர்ந்து கார் ஓட்டச் சொல்லிக்கொடுக்கும் வேலைக்குப் போனாள். தைரியசாலிக்கு ஏற்ற தொழில் என்று எல்லாரும் மெச்சினார்கள். இளையவள் ஒரு வீடியோ கேம் கம்பெனியில் சேர்ந்தாள். டயர் கடைக்கு மேலே மூன்றாவது மாடி, பாதிப் பேருக்கு உடைந்த நாற்காலி, ஜன்னலைத் திறந்தால் ரப்பர் வாசனை. அங்கே அவள் வேலை என்ன தெரியுமா? பிறக்கிற ஒவ்வொரு ஆத்மாவுக்கும் பிறவிக் குணம் எழுதுவது. ஆபீஸில் அவளுக்குத் 'தலையெழுத்து' என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

அவள் எழுதிய உலகத்தில் ஆட்டம் இப்படித் தொடங்கும். விளையாடுகிறவர் ஓர் இருட்டு அறையில் கண் விழிப்பார். வெளியே யாரோ கதவைத் தட்டுவார்கள். அவ்வளவுதான். உதைத்துத் திறந்தால் துணிச்சல். தட்டுவதைக் காதில் வாங்காமல் அறையில் என்ன கிடைக்கும் என்று துழாவினால் ஆசை. சும்மா உட்கார்ந்திருந்தால் பொறுமை. யாரு என்று கேட்டு, சாவித் துவாரத்தில் கண் வைத்துப் பார்த்தால் பயம். எது வந்ததோ அது வந்ததுதான். கடைசிவரை மாறாது. கூடவே வலிமைக்கு ஓர் எண்ணும் ஒட்டிக்கொள்ளும். துணிச்சலுக்கு அறுபது. பயத்துக்கு ஏழு. ஏழு எங்கிருந்து வந்தது? தனக்கே மார்க் போடுவதாக இருந்தால் எவ்வளவு போடுவோம் என்று நேர்மையாக யோசித்தாள். ஆறு என்று தோன்றியது. தன்மேல் கொஞ்சம் இரக்கப்பட்டு ஒன்று கூட்டிக்கொண்டாள்.

எண் சின்னதே தவிர, மற்ற எந்தக் குணத்துக்கும் அவள் இவ்வளவு பாடுபட்டதில்லை. பயந்த ஆத்மாவுக்குக் காது கூர்மை. பூதம் அடுத்த தெருவில் கால் வைக்கும்போதே அதற்குக் கேட்டுவிடும். எந்த இடத்துக்குப் போனாலும் வெளியே போகிற வழி எது என்று முதலில் அதற்குத்தான் தெரியும். தன்னிடம் இருப்பதையெல்லாம் அள்ளி அதற்குக் கொடுத்துவிட்டு, யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தாள்.

வினை வெள்ளோட்டத்தில் வந்தது. விளையாடிப் பார்க்கக் கூப்பிட்டவர்களில் யாருக்கெல்லாம் பயம் வந்ததோ அவர்களெல்லாம் ரோஷப்பட்டு எழுந்து போனார்கள். 'என்னைப் பார்த்தா ஏழு மாதிரியா இருக்கு?' என்று ஒருவர் எழுதியே அனுப்பினார்.

முதலாளி அவளைக் கூப்பிட்டார். ரகசியம் சொன்னால்கூட டயர் கடைவரை கேட்கும் தொண்டை அவருக்கு.

"பயத்தை எடுத்துடும்மா."

"சார்?"

"பயம் வேண்டாம். விளையாட வர்றவன் வீரனா இருக்கத்தான் வர்றான். பயந்தாங்கொள்ளியாப் பிறக்கணும்னு எவனுக்கு ஆசை? அடுத்த வாரம் வெளியீட்டாளர்கள் வர்றாங்க. அதுக்குள்ள நம்ம உலகத்துல பயமே இருக்கக் கூடாது."

மற்ற எந்தக் குணத்தை எடுக்கச் சொல்லியிருந்தாலும் அவளுக்கு இவ்வளவு வலித்திருக்காது. சொல்ல எத்தனையோ இருந்தது. வாயில் வந்தது இதுதான்: "சரிங்க சார்."

இடத்துக்கு வந்து உட்கார்ந்த பிறகுதான் சந்தேகம் முளைத்தது. உலகத்துல என்றாரே, விளையாடுகிறவர்களுக்கு மட்டுமா, எல்லாருக்குமா? அந்த உலகத்தில் ரொட்டி சுடுகிறவனுக்கும் ஆத்மா உண்டு. ஆட்டுக்கும் காக்கைக்கும் உண்டு. எல்லாவற்றுக்கும் ஆளுக்குக் கொஞ்சம் பயம் தூவி வைத்திருந்தாள். போய்க் கேட்டால் ஒரு நிமிஷத்து வேலை. முதல் தடவை போனபோது முதலாளி போனில் பேசிக்கொண்டிருந்தார். நிம்மதியாகத் திரும்பினாள். இரண்டாம் தடவை அவர் சும்மா இருந்தார். அது இன்னும் மோசம். தண்ணீர் குடிக்க வந்தவள்போல நடந்து தாண்டிப் போய்விட்டாள்.

பக்கத்து மேஜையில் பூதக்காரர் இருந்தார். கேமில் வரும் அரக்க ஜந்துக்களையெல்லாம் வரைகிறவர், சாது.

"போய்க் கேளும்மா. கடிச்சுத் தின்னுடவா போறாரு?"

"நீங்க கூட வாங்களேன்."

"நான் எதுக்கு? கொம்பு பல்லுன்னா நான். ஆத்மான்னா நீ."

சாயங்காலம் அக்கா வந்து, எல்லாவற்றையும் கேட்டு, உச்சுக் கொட்டினாள். "நேரா போய் நின்னு கேட்க வேண்டியதுதானே? நானா இருந்தா..." நானா இருந்தா என்று ஆரம்பித்தால் அக்கா இரண்டு டம்ளர் டீ முடியாமல் நிறுத்த மாட்டாள். தங்கை தலையாட்டிக்கொண்டே கேட்டாள்.

கடைசியில் கேட்காமலே செய்து முடித்தாள். சொன்னபடி செய்துவிட்டால் யாரும் திட்ட முடியாதே. ரொட்டிக்காரனிடமிருந்து எடுத்தாள், கூடைக்காரக் கிழவியிடமிருந்து எடுத்தாள், ஆட்டிடமிருந்தும் காக்கையிடமிருந்தும் எடுத்தாள். விளையாடுகிறவர்களின் பயத்தைக் கடைசியாக வைத்துக்கொண்டாள். ஒவ்வொரு வரியையும் ஒருமுறை படித்துவிட்டு அழித்தாள். யாரோ அவள் உடுப்புகளை மடித்துப் பெட்டியில் போட்டு, அவளை ஊரைவிட்டு அனுப்புவதுபோல இருந்தது.

வெளியீட்டாளர்கள் வந்தார்கள். நல்ல நாற்காலிகள் எல்லாம் அவர்களுக்குப் போயின. ஆபீஸ்காரர்கள் சுவரோரம் நின்றார்கள். பெரிய திரையில் சந்தைத் தெரு. முதலாளி கையைத் தேய்த்துக்கொண்டு சொன்னார்: "இப்போ பாருங்க, பூதம் வரும்."

வந்தது. பூதக்காரர் ராப்பகலாக உட்கார்ந்து வரைந்த பூதம். தெருமுனையில் நின்று, கூரை அதிர உறுமியது.

ரொட்டிக்காரன் மாவு பிசைந்துகொண்டிருந்தான். கூடைக்காரக் கிழவி பூதத்துக்கு வழிவிடக் கூடையைக் கொஞ்சம் நகர்த்தி வைத்தாள். ஆடு அசைபோட்டது. பூதம் இன்னொரு தடவை உறுமியது. காக்கை ஒன்று பறந்து வந்து அதன் கொம்பில் உட்கார்ந்தது. ஓடுகிறவர்களைத் துரத்தத்தான் பூதத்துக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். ஓட ஆளில்லை. அது இந்தப் பக்கம் பார்த்தது, அந்தப் பக்கம் பார்த்தது, கால் மாற்றி நின்றது. பிறகு மெதுவாக நகர்ந்து, ரொட்டிக் கடை வரிசையில் கடைசி ஆளுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டது.

வந்தவர்களில் ஓர் அம்மாள் கண்ணாடியைச் சரிசெய்தபடி கேட்டார். "இது பூதமா, வாடிக்கையா வாங்க வர்றவரா?"

முதலாளி திரும்பினார். "யார் வேலை இது?"

பூதக்காரர்தான் மனசு கேட்காமல் வாயைத் திறந்தார். "மெஷின் ஏதோ கோளாறு சார். சாயந்திரத்துக்குள்ள எல்லாரையும் ஓட வெச்சுடலாம். அதுக்குப் பயமெல்லாம் வேணும்னு இல்ல."

தப்பிக்க வழி தெரிந்துவிட்டது. வெளியே போகிற வழி அவளுக்குத்தான் முதலில் தெரியுமே. தலையை ஆட்டினால் போதும், திட்டு இல்லை, கேள்வி இல்லை. ஊரை வேறு விதமாக ஓட வைத்துவிடுவார்கள். பயந்த ஆத்மா மட்டும் திரும்பவே வராது.

"கோளாறு இல்ல சார். நான்தான்."

குரல் கொசு மாதிரி வந்தது. ஆனாலும் வந்துவிட்டது.

"பயத்தை எடுக்கச் சொன்னீங்க. எடுத்துட்டேன்."

"ஆட்டுக்கிட்ட இருந்துமா?"

"உலகத்துலயே இருக்கக் கூடாதுன்னீங்க."

"விளையாடறவங்களுக்கு மட்டுமான்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?"

"கேட்கத்தான் சார் வந்தேன். ரெண்டு தடவை வந்தேன். பயமா இருந்துச்சு."

கண்ணாடி அம்மாள்தான் முதலில் சிரித்தார். பிறகு அறையே சிரித்தது. முதலாளி சிரிக்காமல் இருக்கப் பெரும் பாடுபட்டார். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் சொல்லிவிடவேண்டும், அடங்கிவிட்டால் தன்னால் முடியாது என்று அவளுக்குத் தெரிந்தது.

"பயப்பட ஆள் இருந்தாத்தான் சார் அது பூதம். இல்லேன்னா சும்மா பெரிய உடம்பு. அப்புறம் நம்ம கேம்ல வர்ற அந்தக் குகை. அறுபது இருக்குன்னு நெஞ்சை நிமிர்த்திக்கிட்டு உள்ள போறவங்க எல்லாரும் ஒரே மூலையிலதான் சார் சாகறாங்க. கூட ஒரே ஒரு பயந்த ஆத்மா இருந்தா, ஏதோ வருதுன்னு முன்னாடியே சொல்லியிருக்கும். அதுக்குப் பலம் கைல இல்ல, காதுல இருக்கு. அதை யாரும் விளையாடிப் பார்க்கவே இல்ல சார். ஏழுங்கற எண்ணைப் பார்த்துட்டு எழுந்து போயிட்டாங்க."

வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து அவள் ஒரேயடியாக இவ்வளவு பேசி யாரும் கேட்டதில்லை. பேசி முடித்ததும் கதவு எந்தப் பக்கம் என்று பார்த்துக்கொண்டாள்.

முதலாளி தாடையைச் சொறிந்தார். "இந்தக் காது சமாசாரம் எனக்கே தெரியாதே. திருப்பி எல்லாத்தையும் வைக்க எத்தனை நாள் ஆகும்?"

"இப்பவே வெச்சுடலாம் சார். இன்னொரு பிரதி எடுத்து வெச்சிருக்கேன்."

"எதுக்கு?"

"அதுவும் பயத்துலதான் சார்."

"சரி, வை. ஆனா ஏழுன்னா ரொம்பக் கேவலமா இருக்கு. இருபதாவது போடு."

"வேண்டாம் சார். ஏழே கொஞ்சம் ஜாஸ்தி."

கண்ணாடி அம்மாள் போகும்போது ஒன்றே ஒன்று கேட்டுக்கொண்டார். வரிசையில் நிற்கிற அந்தப் பூதத்தை மட்டும் கேமில் எங்கேயாவது வைத்துக்கொள்ளச் சொன்னார்.

கேம் வெளிவந்த முதல் ஞாயிற்றுக்கிழமை அக்கா சாவகாசமாக வந்து சோபாவில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். "கொடு, நான் விளையாடறேன். எனக்கு என்ன வரும்னு தெரிஞ்சதுதானே. எத்தனை போட்டிருக்கே துணிச்சலுக்கு, அறுபதா?" அம்மா ஓரமாகத் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

இருட்டு அறை. கதவு தட்டும் சத்தம்.

அக்கா கதவுவரை போனாள். நின்றாள். "யாருன்னு தெரியாம எப்படித் திறக்கறது? எந்தப் பட்டனை அமுக்கினா யாருன்னு கேட்கலாம்?" கேட்டாள். பதில் இல்லை. சாவித் துவாரத்தில் பார்த்தாள். தாழ்ப்பாள் சரியாக விழுந்திருக்கிறதா என்று இழுத்துப் பார்த்தாள். பிறகு அறையில் இருந்த ஒரே நாற்காலியை இழுத்து வந்து கதவுக்கு முட்டுக் கொடுத்தாள். இப்படிக்கூடச் செய்யலாம் என்பது எழுதியவளுக்கே தோன்றியதில்லை.

திரையில் எழுத்து மின்னியது. குணம்: பயம். வலிமை: ஏழு.

அக்கா அதை இன்னொரு தடவை படித்தாள்.

"உன் கேம்ல கோளாறு," என்றாள் அக்கா.

"இருக்கலாம்க்கா."

"மாத்து."

"முடியாதே. பிறவிக் குணம்."

"ஏய், பிரேக் எது, ஆக்ஸிலேட்டர் எதுன்னு தெரியாதவங்க பக்கத்துல உட்கார்ந்து தினம் மெயின் ரோட்டுல போறவடி நான்."

"உன் பக்கமும் ஒரு பிரேக் இருக்குமேக்கா. அதுலேருந்து என்னைக்காவது காலை எடுத்திருக்கியா?"

அக்கா பதில் சொல்ல வாயைத் திறந்தாள். அதற்குள் அம்மா, மடிப்பிலிருந்து கண்ணெடுக்காமல், சொன்னாள். "பிறந்தப்பவே என்ன அலறல் அலறுச்சு. பயந்து போயிருக்கு, பாவம்."

முப்பது வருஷத்துச் சட்டத்தை ஒரு துண்டை மடிக்கிற நேரத்தில் மாற்றியாயிற்று. முன்னறிவிப்பும் கிடையாது. இளையவளுக்கு நியாயமாக ஒரு கேள்வி இருந்தது. "அப்போ நான்?"

"நீ எங்கடி பயந்தே? வந்தே, எல்லாரையும் பார்த்தே, தூங்கிட்டே. நிதானம்னா அப்படி ஒரு நிதானம். எல்லார்கிட்டயும் சொல்வேனே."

"அம்மா, நீ சும்மா இரு," என்றாள் அக்கா. கோபத்தில் எழுந்து போயிருக்கவேண்டியவள் எழுந்திருக்கவில்லை. தலையைச் சாய்த்து எதையோ கேட்டாள். தூரத்தில், அறுபது வாங்கினவர்கள் காதில் விழவே விழாத ஒரு காலடிச் சத்தம்.

"ஏதோ வருது," என்று கிசுகிசுத்தாள். விரல்கள் பறந்தன. மேஜைக்கு அடியில் புகுந்து, சுவரோடு ஒட்டி, மூச்சைப் பிடித்துக்கொண்டாள். "யாரும் சத்தம் போடாதீங்க."

அம்மா கையிலிருந்த துணியை அப்படியே மடியில் வைத்துக்கொண்டாள். பூதம் கதவைத் தாண்டிப் போகும்வரை மூன்று பேரும் அசையவில்லை.