கிளை கழிக்க வந்த நாலு பேர்

பெருமாநல்லூர்ப் பக்கம் மரம் கழிக்க ஆள் வேண்டுமென்று கேட்டால் ராக்கம்மாளைத்தான் கை காட்டுவார்கள். உசிலம்பட்டிப் பக்கத்து ஒச்சம்மாளின் மூத்த மகள். தென்னை ஏறிய மூக்கையாவின் பெண்டாட்டி. அவளிடம் மரம் ஏறுகிற ஆறு பேரில் காசிமாயன் கூடப்பிறந்த தம்பி. மற்ற ஐந்து பேரும் தாய்மாமன் வழி, சித்தப்பன் வழி என்று ஏதோ ஒரு வகையில் சொந்தம்.

மூக்கையா காங்கேயம் பக்கம் ஒரு தோப்பில் விழுந்து செத்தபோது, யாருக்குச் சொல்வதென்று தெரியாமல் தோப்புக்காரர்கள் திகைத்து நின்றுவிட்டார்கள். விடிகாலையில் விழுந்தவனைப் பற்றி ராக்கம்மாளுக்குச் சேதி வந்தது பொழுது சாய்ந்த பிறகு. அன்றிலிருந்து அவளிடம் ஒரு சட்டம். புது இடத்தில் மரம் ஏறுகிறவன் முதலில் வீட்டுக்குப் போன் போட்டு, இன்ன இடத்தில் ஏறப் போகிறேன் என்று சொல்ல வேண்டும். சொல்லாதவனுக்குக் கயிறு கிடையாது.

போன புரட்டாசியில் மகுடேஸ்வரனின் பனியன் கம்பெனியில் தூங்குமூஞ்சி மரத்துக் கிளை முறிந்து கரண்டுக் கம்பியில் விழுந்தது. அரை நாள் மிஷின் ஓடவில்லை.

"மழைக்கு முன்னால அத்தன மரத்தையும் கழிச்சுப்போடோணுமுங்கம்மா. முடியாதுன்னா சொல்லிப்போடுங்க, வேற ஆளப் பாத்துக்கறேன்" என்றார் மகுடேஸ்வரன்.

நாற்பது மரம், பத்து நாள், ஆறே ஆள். அந்தக் கம்பெனி கைவிட்டுப் போனால் வருசத்தில் பாதி வேலை போன மாதிரி. ராக்கம்மாள் தவித்துக்கொண்டிருந்த நேரம் பார்த்து, ஆள் பிடித்துக் கொடுக்கும் சுரேந்தர் தானாகவே தேடி வந்தான்.

மறுநாள் காலை ஒரு வெள்ளை வேனில் நாலு பேர் கம்பெனிக்கு வந்தார்கள். பின்னாலேயே பைக்கில் சுரேந்தர். ஜார்க்கண்டுக்காரர்கள் என்றான். கதவைத் திறந்துவிட்ட பிறகும், 'இறங்கு' என்று அவன் சொல்லும்வரை ஒருவரும் இறங்கவில்லை.

"காட்டு மரம் ஏறிப் பழகுனவனுங்கக்கா. லீவு கேக்க மாட்டானுங்க, ஊருக்குப் போறேன்னு நிக்க மாட்டானுங்க. சொன்ன எடத்துல இருப்பானுங்க."

"இப்பிடி ஆளு எந்த மரத்துலப்பா காய்க்குது?" என்று சிரித்தாள் ராக்கம்மாள்.

"ஆதார் கார்டெல்லாம் எங்கிட்டயே பத்தரமா இருக்குதுங்க. நீங்க அதப் பத்திக் கவலையே பட வேண்டாமுங்க."

அதில் அவளுக்குத் தப்பாக எதுவும் படவில்லை. மரத்தில் தலைகீழாகத் தொங்குகிறவனின் சட்டைப் பையில் எது தங்கும்? அவளும் தன் ஆட்களின் கார்டுகளை, வேலைக்குக் கையோடு கொண்டு வரும் தகர டப்பாவில் பூட்டித்தான் வைத்திருந்தாள்.

"சரி, ஏறுறதுக்கு முன்னால வீட்டுக்கு ஒரு வார்த்தை பேசச் சொல்லு."

"அதெல்லாம் ரூம்ல பேசிக்குவானுங்கக்கா. நீங்க ஏத்தி வுடுங்க." வேனையும் டிரைவரையும் கேட்டுக்கு வெளியே நிறுத்திவிட்டுப் போய்விட்டான்.

ராக்கம்மாளுக்குச் சட்டத்தை மீற மனமில்லை. நாலு பேரையும் தூங்குமூஞ்சி மரத்துக்குப் பின்னால் அழைத்துப் போய், மூத்தவன் சுக்ராமிடம் தன் போனை நீட்டினாள். சாயப்பட்டறையில் வடக்கத்தி ஆட்களோடு எட்டு வருசம் கிடந்த காசிமாயனுக்கு இந்தி வரும். அவன் எடுத்துச் சொன்னான். சுக்ராம் கேட்டுப் பக்கம் ஒருமுறை எட்டிப் பார்த்தான். பத்து எண்ணையும் தடுக்காமல் அழுத்தினான்.

தன் பெயரை மட்டும்தான் சொன்னான். எதிர்ப்பக்கம் எழுந்த அழுகை, சுற்றி நின்றவர்களுக்கெல்லாம் கேட்டது.

"என்னடா சொல்லுது?"

காசிமாயன் குரலைத் தணித்துக்கொண்டான். "பொண்டாட்டிக்கா. உசுரோடதான் இருக்கியான்னு கேக்குது. அஞ்சு மாசமாப் பேச்சே இல்லையாம்."

சுக்ராம் சொல்லச் சொல்லக் காசிமாயன் தமிழில் சொன்னான். போனையும் கார்டையும் வந்த அன்றே சுரேந்தரின் ஆட்கள் பிடுங்கிக்கொண்டார்களாம். எங்கே இறக்கி விடுகிறார்களோ அங்கே வேலை. சாயங்காலம் வேன் வந்து அள்ளிப் போகும். அறைக்கு வெளியில் பூட்டு. முதலில் ஐந்து பேராக வந்தார்களாம்.

"அஞ்சாவது ஆளு எங்கன்னு கேளுடா."

காசிமாயன் கேட்டான். சுக்ராம் போனை அவள் கையில் திருப்பிக் கொடுத்தான்.

கேட்டுக்கு வெளியே வேன் ஹாரன் ஒருமுறை அடித்தது. நாலு பேரும் சட்டென்று விறைத்து நின்றார்கள்.

"அக்கா, நமக்கெதுக்கு இந்த வம்பு? சத்தங்காட்டாம வேன்ல ஏத்தி விட்ருவோம்" என்றான் காசிமாயன்.

"பேசுனது தெரிஞ்சா இவய்ங்கள என்ன செய்வாய்ங்கடா? கார்டைக்கூடப் புடுங்கி வச்சிருக்கான்."

"நீயுந்தான எங்க கார்டை டப்பாவுல வச்சிருக்க."

"கேட்டாக் குடுக்க மாட்டேனாடா?"

"கேக்கணும்ல? போன வருசம் மில்லு வேலைக்குப் போயிரலாம்னு நெனச்சேன். கார்டுக்கு ஒங்கிட்ட வந்து நிக்கணுமேன்னுதான் போகல."

ராக்கம்மாள் டப்பாவைத் திறந்து ஆறு கார்டுகளையும் அவன் கையில் திணித்தாள். "அவனவன் கார்டை அவனவன்கிட்டக் குடு." பிறகு கம்பெனிச் சுவரில் எழுதியிருந்த தொழிலாளர் புகார் எண்ணுக்குப் போன் போட்டாள். அதிகாரிகள் கிளம்பிவிட்டார்கள், அதுவரை நாலு பேரையும் வெளியே விடாதீர்கள் என்றார்கள்.

விசயம் மகுடேஸ்வரன் காதுக்குப் போனது. ஓடி வந்தார். "ஏனுங்கம்மா, எங்க காம்பவுண்டுக்குள்ள இதெல்லாம் வேண்டாமுங்க. சரக்கு வாங்கற பையருக்குத் தெரிஞ்சா ஆர்டரே போயிருமுங்க. வெளிய கூட்டிட்டுப் போயிருங்க."

"வெளிய அந்த வேன் நிக்குதுங்கய்யா. போற வழியில இவய்ங்களுக்கு ஒண்ணு ஆச்சுன்னா, கடைசியா எங்க இருந்தாய்ங்கன்னுதான் மொதல்ல கேப்பாய்ங்க. நான் ஒங்க பேரைத்தான் சொல்லணும்."

அவர் வாய்க்குள் என்னவோ முனகினார். பிறகு வாட்ச்மேனைக் கூப்பிட்டுக் கேட்டைப் பூட்டச் சொன்னார்.

டிரைவர் போன் போட்டிருக்க வேண்டும், சற்று நேரத்தில் சுரேந்தர் வந்துவிட்டான். கத்தவில்லை, கம்பியை உலுக்கவில்லை. கேட்டின் இடுக்கு வழியாக, உறவுக்காரன் நலம் விசாரிக்கிற மாதிரி பேசினான்.

"அக்கா, தேவிப்பிரியா கண்ணு காலேஜ் பஸ்ஸுக்கு நிக்கற எடத்துல நெழலே இல்லீங்களே. பாவம், தெனமும் ஏழே முக்காலுக்கு வெயில்ல நிக்குதுங்க."

மகள் பெயரை அவள் அவனிடம் சொன்னதே இல்லை. சுக்ராமைத் திரும்பிப் பார்த்தாள். அவன் வேனில் ஏறுவதற்குத் தயாராகவே நின்றிருந்தான்.

"சாவி எங்கிட்ட இல்லப்பா" என்றாள். "இருந்தாலும் தொறக்க மாட்டேன்."

மூன்று மணிக்கு அதிகாரிகளின் ஜீப் வந்தது. அதற்குள் வேனும் இல்லை, அவனும் இல்லை. நாலு பேரும் வருவாய்க் கோட்டாட்சியர் முன்னால் வாக்குமூலம் கொடுத்து, அடுத்த வாரம் ரயில் ஏறினார்கள். மகுடேஸ்வரன் மர வேலையை வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டார். சுரேந்தரைத் தேடுகிறோம் என்கிறார்கள். ஐந்தாவது ஆளையும் தேடுகிறோம் என்கிறார்கள்.

ராக்கம்மாள் இப்போது தினமும் காலையில் குன்னத்தூர் சாலையில் மகளோடு பஸ்ஸுக்கு நிற்கிறாள். அந்தச் சாலையில் வெள்ளை வேனுக்கா பஞ்சம்? ஏதாவது ஒன்று வேகம் குறைந்தால் மகளின் கையைப் பற்றிக்கொள்கிறாள்.

"வலிக்குதும்மா, விடு" என்கிறாள் தேவிப்பிரியா.

பஸ் வரும்வரை விடுவதில்லை.